மட்டக்களப்பில் ஒரு 1965 ஃபெண்டர்: வாங்குவதா, விடுவதா?

தம்பி, நீங்கள் கேட்டதை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு நகரில் ஒரு காலத்தில் பைலா பேண்டில் வாசித்த பெரியவர் ஒருவரின் வீட்டில் வால்வு கிற்றார் அம்ப் ஒன்று, அதாவது ட்ரான்சிஸ்டருக்கு முந்திய கண்ணாடி வால்வுகளால் கிற்றார்ச் சத்தத்தைக் கூட்டும் பெட்டி, கிடக்கிறது. முன்பக்கம் அமெரிக்கக் கம்பனியான ஃபெண்டரின் டீலக்ஸ் ரிவெர்ப் என்று இருக்கிறது. 1965ஆம் ஆண்டுப் பெட்டி என்கிறார்கள், விலை ஒன்றரை இலட்சம். களுவாஞ்சிக்குடியில் இருக்கும் நீங்கள் இதை வாங்கி, இதிலிருந்தே பழைய வால்வு அம்ப் சேகரிக்கத் தொடங்கலாமா என்று யோசிக்கிறீர்கள். பெட்டி அசல்தானா, வீட்டில் செருகிப் பார்க்கலாமா, வால்வு எங்கே எடுப்பது என்று மூன்று கேள்வி போட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: இந்தக் காசைப் போட்டால் வீட்டுக்கு வருவது அம்பா, இல்லை பூச்சாடி வைக்கும் ஸ்டூலா?

நான் றேடியோ திருத்தும் தொழிலில் வளர்ந்தவன். வால்வு றேடியோ, கோயில் லவுட்ஸ்பீக்கர் செட், பேண்ட்காரரின் அம்ப் என்று மேசைக்கு வந்ததையெல்லாம் திறந்து பார்த்திருக்கிறேன். உங்கள் படங்களில் பெட்டியின் முன்பக்கமும் எந்த வால்வு எங்கே என்று காட்ட உள்ளே ஒட்டியிருக்கும் வால்வுக் கடதாசியும் பின்பக்க எழுத்தும் மட்டும்தான் தெரிகின்றன. அவற்றை வைத்துச் சொல்லக்கூடியதைச் சொல்கிறேன். மிச்சத்துக்கு ஸ்குரூட்ரைவர் வேண்டும்.

அவசரமானது முதலில். தயவுசெய்து செருக வேண்டாம். பின்பக்கத்தில் 117 வோல்ட், 60 சைக்கிள் என்று அச்சடித்திருப்பது உங்கள் படத்திலேயே தெரிகிறது. எங்கள் சுவரில் வருவது 230 வோல்ட், 50 சைக்கிள். உள்ளே யாரும் மாற்றாமல் இருந்தால், நீங்கள் சுவிச்சைப் போட்ட உடனே பியூஸ் போகும். பியூஸுக்குப் பதில் யாராவது கம்பி சுற்றி வைத்திருந்தால் ட்ரான்ஸ்போமர் போகும். இந்தப் பெட்டியில் விலை உள்ள பொருளே ட்ரான்ஸ்போமர்தான்.

இனி வயது. வால்வுக் கடதாசியில் முத்திரை குத்திய இரண்டு எழுத்து இருக்கிறது பாருங்கள், ‘ஓ’, ‘சி’ என்று. ஃபெண்டர் அந்தக் காலத்தில் முதல் எழுத்தை ஆண்டுக்கும் இரண்டாவதை மாதத்துக்கும் வைத்தது. ஆங்கில முதல் எழுத்து 1951 என்று எண்ணிக்கொண்டு போனால் ‘ஓ’ 1965இல் வந்து நிற்கும், ‘சி’ மார்ச். ஆக, கடதாசி 1965 மார்ச்சில் முத்திரை குத்தப்பட்டது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கடதாசியின் வயது பெட்டியின் வயது ஆகிவிடாது. பழைய பெட்டிக்குள் வேறு சேசிஸ், அதாவது சாமான்கள் பூட்டிய உலோகத் தட்டு, ஏறியிருக்கலாம், கடதாசியையே அச்சடித்து ஒட்டியிருக்கலாம். அதனால் கடதாசி சொல்வதை இரும்பும், அதாவது ட்ரான்ஸ்போமர், ஸ்பீக்கர் போன்ற சாமான்களும், சொல்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரும்பில் எழுதியிருக்கும் எண்ணை வாசிப்பது கஷ்டமில்லை. அமெரிக்கத் தொழிற்சாலைகள் தங்கள் பொருளில் முதலில் தங்கள் அடையாள எண்ணையும், அடுத்து ஆண்டையும், அதற்கடுத்து வாரத்தையும் அடித்தன. ட்ரான்ஸ்போமரில் 606 என்று தொடங்கினால் அது ஷூமாக்கர். 606504 என்று இருந்தால் ஷூமாக்கர், 5இல் முடியும் ஆண்டு, 4ஆம் வாரம். ஸ்பீக்கர் சட்டத்தில் 220 என்றால் ஜென்சன், 465 என்றால் ஒக்ஸ்போர்ட். 220452 என்று கண்டால் ஜென்சன், 4இல் முடியும் ஆண்டு, 52ஆம் வாரம். ஒற்றை இலக்கம் என்பதால் 1954, 1964, 1974 எதுவாகவும் இருக்கலாம். டீலக்ஸ் ரிவெர்ப் 1963இல்தான் வந்தது, அதை வைத்து நீங்களே கழித்துக்கொள்ளலாம். வொலியூம் கொன்ட்ரோலின் முதுகிலும் இதே முறைதான், 137 என்றால் சிடிஎஸ். இந்த எண்கள் எல்லாம் 1965 மார்ச்சுக்குச் சில வாரமோ மாதமோ முந்தியதாக இருந்தால் பெட்டி நேர்மையானது. ஏதாவது ஒன்று பிந்தியிருந்தால் அந்தச் சாமான் பிறகு மாற்றியது. ஸ்பீக்கர் மாறியிருப்பது சாதாரணம், அதற்காக வாங்காமல் விட வேண்டியதில்லை.

ஃபெண்டர் 1965 ஜனவரியில் அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சிபிஎஸ்ஸின் கைக்கு மாறியது. அதற்கு முந்தியதா பிந்தியதா என்று சேகரிப்பவர்கள் சண்டை பிடிப்பார்கள், விலையும் அதற்கேற்ப ஏறி இறங்கும். உங்கள் பெட்டி அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். உள்ளே இருக்கும் மின்சுற்று ஆள் மாறியதற்காக உடனே மாறவில்லை, ஃபெண்டர் ஏபி763 என்று பெயர் வைத்த அதே சுற்றுத்தான். கேட்கிற காதுக்கு வித்தியாசம் இருக்காது என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் ஊரில் பார்க்க வேண்டிய வேறொன்று இருக்கிறது. இப்படி 117 வோல்ட் பெட்டி வந்தால் முன்பு பலர் செய்தது, ட்ரான்ஸ்போமரைக் கழற்றி மோட்டர் வயிண்டிங் கடையில் கொடுத்து 230க்குச் சுற்றுவித்ததுதான். வெளி மூடி அசலாகவே இருக்கும், எண்ணும் இருக்கும், உள்ளே கம்பிச் சுற்று மட்டும் புதிது. மூடியின் ஸ்குரூத் தலை தேய்ந்திருந்தால், உள்ளே போகும் ஒயரின் நிறம் மற்ற ஒயர்களோடு சேராமல் இருந்தால், மஞ்சள் வார்னிஷ் மணம் வந்தால் சந்தேகப்படுங்கள். சுற்றியவர் கைதேர்ந்தவர் என்றால் வாசிப்பதற்கு அது நல்ல பெட்டிதான், ஸ்டெப் டவுன், அதாவது 230ஐக் குறைத்துத் தரும் தனி ட்ரான்ஸ்போமர் பெட்டி, தேவையில்லை என்ற வசதியும் உண்டு. சேகரிப்பு என்று பார்த்தால் விலை பாதியாவது குறைய வேண்டும்.

சுற்றாத அசல் ட்ரான்ஸ்போமர் என்றால் அதைத் தொடாதீர்கள். வெளியே ஒரு ஸ்டெப் டவுன் வையுங்கள். இங்கே கடைகளில் சுலபமாகக் கிடைப்பது ஜப்பான் சாமானுக்காக வந்த 100 வோல்ட் பெட்டி. அது இதற்குச் சரிவராது. 117க்குச் செய்த ட்ரான்ஸ்போமருக்கு 100 கொடுத்தால், வால்வின் இழைக்கு 6.3 வோல்ட் போக வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 5.4தான் போகும். வால்வு பத்து வீதம் கூடக்குறைய இருந்தால் தாங்கும், இது அதற்கும் கீழே. 110 முதல் 120 வரை தரும் பெட்டியாக, 300 விஏ சுமையாவது தாங்குவதாக எடுங்கள். முடிந்தால் கரண்ட் உள்ளே வரும் கம்பிச் சுற்றும் வெளியே போகும் கம்பிச் சுற்றும் தனித்தனியாக இருக்கிற வகையைக் கேட்டு வாங்குங்கள். மலிவான ஒற்றைச் சுற்று வகையில், சுவர் பிளக்கில் லைனும் நியூட்ரலும் மாறியிருந்தால், வெளியே வரும் இரண்டு கம்பியும் எர்த்தோடு பார்க்கும்போது நூறு வோல்ட்டுக்கு மேலே நிற்கும், ஒன்று 230இலேயே நிற்கும். எக்ஸ்டென்ஷன் கோர்டுகளை எங்கள் ஆட்கள் கட்டுகிற இலட்சணம் உங்களுக்குத் தெரியும்தானே. இன்னொன்று: 60 சைக்கிளுக்குச் செய்த இரும்பு 50இல் கொஞ்சம் கூடச் சூடாகும். வாசித்துக்கொண்டிருக்கும்போது ட்ரான்ஸ்போமரில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருக்கலாம், கையை வைத்திருக்க முடியாத சூடு கூடாது.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. அந்தக் காலத்து அமெரிக்க அம்ப்களில் இரண்டு முள் பிளக், பின்னால் கிரவுண்ட் என்று ஒரு சுவிச், அதன் அடியில் மெயின்ஸ் கம்பியிலிருந்து சேசிஸுக்கு ஒரு சின்னக் கண்டென்சர் இருக்கும். இரைச்சலைக் குறைக்க வைத்தது. அது ஷோர்ட் ஆனால் மெயின்ஸ் நேரே சேசிஸுக்கும், சேசிஸிலிருந்து கிற்றார்க் கம்பிக்கும் வரும். கையில் கிற்றார், உதட்டில் எர்த் பண்ணிய மைக் என்று பாடுகிறவனுக்கு அது போதும். வெளிநாட்டில் இதற்கு மரணக் கண்டென்சர் என்றே பெயர். இதை வெட்டி எடுத்துவிட்டு, மூன்று கம்பி வயர் போட்டு, எர்த்தைச் சேசிஸில் தனி போல்ட்டில் இறுக்க வேண்டும். அசல்தன்மை போய்விடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெட்டிய கண்டென்சரையும் பழைய வயரையும் ஒரு கவரில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்தால் சேகரிப்பவரும் திருப்திப்படுவார். பிறகு மீற்றரை எடுத்து, ஸ்டெப் டவுனின் சுவர் பிளக்கில் இருக்கும் எர்த் முள்ளிலிருந்து அம்ப் சேசிஸ் வரை தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். பல ஸ்டெப் டவுன்களில் மூன்றாவது ஓட்டை இருக்கும், அதற்குள் ஒரு கம்பியும் போகாது. வீட்டில் ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று அதன் பொத்தானை அமத்தியும் பாருங்கள்.

இவ்வளவும் ஆன பிறகு முதல் முறை கரண்ட் கொடுப்பது எப்படி? எல்லா வால்வையும் கழற்றி, எது எந்த ஓட்டை என்று எழுதி வையுங்கள். சுவருக்கும் ஸ்டெப் டவுனுக்கும் நடுவே தொடரில் 60 வாட் இழை பல்ப் ஒன்று, எல்இடி உதவாது. சுவிச்சைப் போட்டால் பல்ப் ஒரு கணம் மின்னி மங்க வேண்டும். மங்காமல் பிரகாசமாக எரிந்தால் ட்ரான்ஸ்போமர் ஷோர்ட், அங்கேயே நிறுத்துங்கள். மங்கினால் இரும்பு உயிரோடு இருக்கிறது. இதை விற்பவர் வீட்டிலேயே கால் மணித்தியாலத்தில் செய்யலாம், அவர் சம்மதித்தால். அதற்கு மேல், அதாவது வால்வு போட்டு ஏற்றுவது, வால்வு பழகிய ஒருவர் பக்கத்தில் இல்லாமல் செய்யக் கூடாது. இந்தச் சுற்றில் 400 வோல்ட்டுக்கு மேல் டிசி ஓடும். பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய கண்டென்சர்களில் அது தங்கியிருக்கும். எனக்குச் சொல்லித்தந்தவர் இடது கையைக் காற்சட்டைப் பொக்கற்றில் வைக்கச் சொல்வார். இன்றைக்கும் உயர் வோல்ட் பக்கம் போகும்போது என் கை தானாக அங்கே போகும்.

சேசிஸுக்கு மேலே ஒரு தகர மூடி இருக்கும், அதற்குள் ஐந்து பெரிய எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர். இவை அறுபது வருஷம் தாங்கும் சாமான் இல்லை. மெதுவாக வோல்ட் ஏற்றிப் பழையதையே உயிர்ப்பிக்கலாம் என்போர் உண்டு. சில வேளை உயிர்க்கும், எவ்வளவு காலம் என்று யாராலும் உறுதி தர முடியாது. மாற்றுவதுதான் சரி. வால்வில் ஓடும் கரண்டை அளவோடு வைத்திருக்கும் பயஸுக்கு இருக்கும் சின்னக் கண்டென்சரையும் மறக்காமல் மாற்ற வேண்டும். அது போனால் ஸ்பீக்கரை ஓட்டும் இரண்டு 6வி6 வால்வும் தகடு சிவந்து கூடவே போகும்.

எங்கள் ஈரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டார் எழுதும் குறிப்புகளில் இது இவ்வளவு பெரிதாக இராது. ஃபெண்டர் சாமான்களைப் பூட்டியது கறுப்பு ஃபைபர் பலகையில், மெழுகு பூசியது. அது கடதாசி இனம். வாவிக் காற்றில் பல வருஷம் கிடந்தால் ஈரத்தைக் குடித்து, பலகையே கரண்ட் கடத்தத் தொடங்கும். கண்டுபிடிப்பது எளிது. அம்ப் ஓடும்போது மீற்றரின் கறுப்பு முனையைச் சேசிஸில் வைத்து, சிவப்பு முனையை எந்த ஈயமும் இல்லாத வெறும் பலகையில் குத்திப் பாருங்கள். பூச்சியம் காட்ட வேண்டிய இடத்தில் சில வோல்ட் காட்டும், உயர் வோல்ட் வரும் இடத்துக்குக் கிட்டப் போகப்போகக் கூடும். வெளியே கேட்பது என்னவென்றால், வொலியூமைத் திருப்பும்போது கரகரப்பு, சும்மா இருக்கும்போது பொரிகிற சத்தம். மெக்கானிக் கண்டென்சரை மாற்றுவார், வால்வை மாற்றுவார், போகாது. ஹெயார் ட்ரையரால் மெல்லிய சூட்டில் நிறைய நேரம் காய வைத்தால் பெரும்பாலும் அடங்கும். மாரியில் திரும்பி வரலாம். இனி ஏலாது என்றால் பலகையையே கண்ணாடி நார்ப் பலகையாக மாற்ற வேண்டும், அது பெரிய வேலை. ஸ்பீக்கர்க் கூம்பில் பூஞ்சணம், பெட்டிப் பலகையில் கறையான், எதிரொலி தரும் ரிவெர்ப் ஸ்பிரிங்கில் துரு, இவற்றையும் பாருங்கள். ஆனால் இவை கண்ணுக்குத் தெரிவதால் ஏமாறுவது குறைவு.

வால்வுக்குப் பயப்பட வேண்டாம். இந்தப் பெட்டிக்கு ஒன்பது வால்வு: 12ஏஎக்ஸ்7 நான்கு, 12ஏடி7 இரண்டு, 6வி6 இரண்டு, ஜிஇசட்34 ஒன்று. எல்லாம் இன்றும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா என்று புதிதாகச் செய்யப்படுகின்றன, இணையத்தில் எடுப்பிக்கலாம். 6வி6இல் மட்டும் கவனம். இந்தச் சுற்று அதன் புத்தகக் கணக்குக்கு மேலாக வோல்ட் கொடுக்கிறது. பழைய வால்வுகள் தாங்கின, புதிதில் ஸ்லோவாக்கியாவின் ஜேஜே கம்பனி செய்வது தாங்கும். 12ஏஎக்ஸ்7ம் இசிசி83ம் ஒன்றுதான், பழைய றேடியோக்கடைப் பெட்டியில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்தது கிடைத்தால் அள்ளிக்கொள்ளுங்கள். முல்லார்ட் என்று பெயர் போட்டுப் புதுப் பெட்டியில் வருவது இங்கிலாந்து பிளாக்பர்ன் தொழிற்சாலைச் சரக்கு அல்ல. அந்தப் பெயரை வாங்கியவர்கள் ரஷ்யாவில் செய்விப்பது. மோசமில்லை, ஆனால் பழைய விலை கொடுக்காதீர்கள். அசல் பிளாக்பர்ன் வால்வில் கண்ணாடியின் அடிப்பக்கம் ‘பி’ என்று தொடங்கும் குறியீடு மங்கலாகப் பொறித்திருக்கும்.

வால்வு சத்தம் உண்மையிலேயே மேலா என்று போகிற போக்கில் கேட்டிருந்தீர்கள். வொலியூமைக் கூட்டி வாசிக்கும்போது வால்வில் சத்தம் முறிந்து கரகரக்கிற விதம் மெதுவானது, விரலின் அழுத்தத்துக்கு இசைந்து போகும், அது உண்மை. மற்றப்படி மக்கள் வால்வுக்குக் கொடுக்கும் புகழில் பாதி ஸ்பீக்கருக்கும் பின்பக்கம் திறந்த பெட்டிக்கும் போக வேண்டியது. 22 வாட் ஒரு மண்டபத்துக்குப் போதும், திறந்த வெளிக்குப் போதாது.

வாங்குவதா என்றால், ட்ரான்ஸ்போமர்கள் அசலாக இருந்து பல்ப் சோதனையும் தேறினால், ஒன்றரை இலட்சம் மலிவு. எவ்வளவு மலிவு என்று பெரியவருக்கும் சொல்லிவிட்டு விலை பேசுங்கள். நாளைக்கும் இதே ஊரில் அவர் முகத்தில் முழிக்க வேண்டும். திருத்துவதற்கும் கையில் காசு வைத்துக்கொள்ளுங்கள். மெயின்ஸ் ட்ரான்ஸ்போமர் எரிந்திருந்தால் நான் வாங்க மாட்டேன்.

ஆனால் சேகரிப்பு என்று நீங்கள் சொன்னதில் எனக்கு வேறு எண்ணம். எங்கள் மாவட்டத்தில் வொக்ஸ், செல்மர், ஃபெண்டர் என்று தேடினால் கண்டெடுப்பது அபூர்வம். வால்வுக் காலத்தின் கடைசியில், 1970களின் முற்பகுதியில், இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கம். 1977க்குப் பிறகு கதவு திறந்தபோது வந்தது ட்ரான்சிஸ்டர். இருந்தவற்றை 1978 நவம்பர் சூறாவளி, சண்டைக்கால இடப்பெயர்வு, 2004 சுனாமி, 2011 வெள்ளம் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுபோயின. ஆனால் கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் லவுட்ஸ்பீக்கர் கட்டியவர்களின் வீட்டு மூலையில் வால்வு அம்ப் இன்னும் கிடக்கிறது. டில்லி அகுஜா, பிலிப்ஸ், அப்புறம் பெயரே இல்லாமல் எங்கள் ஊர் மெக்கானிக்மார் தகரம் வளைத்துச் செய்தவை. உள்ளே இஎல்34 வால்வு சோடி, சிலதில் 807 வால்வு. மாமாங்கத் திருவிழாவில் முழங்கியதும், பறங்கியர் கல்யாணத்தில் கஃப்ரிஞ்ஞா ஆட்டத்துக்கு கிற்றார் செருகியதும் இவற்றில்தான். யாரும் சேகரிக்கவில்லை. பழைய இரும்புக்காரர் செம்புக்காக ட்ரான்ஸ்போமரை உடைத்துக் கொண்டுபோகிறார். 230 வோல்ட்டுக்கே செய்தவை என்பதால் ஸ்டெப் டவுன் தலையிடி இல்லை. மைக் ஓட்டையில் கிற்றாரைச் செருகி, ஹோர்னைக் கழற்றிவிட்டு 12 அங்குலக் கூம்பு ஸ்பீக்கரை, ஹோர்ன்களுக்கு இருக்கும் 100 வோல்ட் லைனில் அல்லாமல் 8 அல்லது 16 ஓம் முனையில் கொடுத்துப் பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள். ஸ்பீக்கர் இல்லாமல் மட்டும் வொலியூம் கூட்டாதீர்கள், ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் ட்ரான்ஸ்போமர் எரிந்துபோகும். நான் உங்கள் வயதில் தொடங்குவதாக இருந்தால் இவற்றில்தான் தொடங்குவேன்.

அப்படிப் பொறுக்கும்போது ஒரு எச்சரிக்கை. வால்வின் பெயர் ‘யு’ என்ற எழுத்தில் தொடங்கினால், யுசிஎல்82, யுஎல்84 என்பவை போல, அந்தச் சுற்றில் மெயின்ஸைப் பிரிக்கும் ட்ரான்ஸ்போமர் பெரும்பாலும் இராது. சேசிஸே நேரடி கரண்ட். பழைய றேடியோ பலவும் அப்படித்தான், அமெரிக்காவில் மலிவாக விற்ற சின்ன கிற்றார் அம்ப் சிலதும் அப்படித்தான். அலுமாரியில் வைத்துப் பார்க்கலாம், கிற்றார் செருகக் கூடாது.

வாங்கியதைப் பொலித்தீனில் சுற்றி வைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். நிலத்திலிருந்து ஒரு அடியாவது உயர்த்தி, பருத்தித் துணியால் மூடுங்கள். ஐப்பசி தொடக்கம் தை வரை மாதத்தில் ஒன்றிரண்டு தரமாவது ஒரு மணித்தியாலம் ஓட விடுங்கள். வால்வின் சூடே பெட்டியைக் காய வைக்கும். அப்படிக் கவனிக்க முடிகிற எண்ணிக்கைக்கு மேல் சேர்க்க வேண்டாம்.

பெரியவர் வீட்டுக்குத் திரும்பப் போகும்போது பின்பலகையைக் கழற்றி மூன்று படம் எடுத்துப் போடுங்கள்: பெரிய ட்ரான்ஸ்போமரின் பக்கத்தில் இருக்கும் எண், ஸ்பீக்கர் சட்டத்து எண், பிளக் வயர் உள்ளே நுழையும் இடம். மூன்றாவதுக்கு டோர்ச் பிடியுங்கள், உங்கள் போன படத்தில் அந்த மூலை இருட்டு.